முகாமுக்குப் பக்கத்தில் ஒரு தொலைகாட்டி: யான் ஓர்ட்டின் வாழ்க்கை

ஒல்லாந்தர் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது யாழ்ப்பாணக் கோட்டைதான். 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரங்களை ஆண்டவர்கள் அவர்கள். ஆனால், அந்த ஒல்லாந்தரின் சொந்த நாடும் ஐந்து ஆண்டுகள் இன்னொரு இராணுவத்தின் கீழ் இருந்தது. 1940 மே 10 அன்று ஜேர்மன் படைகள் நெதர்லாந்துக்குள் நுழைந்தன. 1945 மே மாதம்தான் அந்த ஆக்கிரமிப்பு முடிவுக்கு வந்தது. அந்த ஐந்து ஆண்டுகளின் நடுவில், பல்கலைக்கழகம் இழுத்து மூடப்பட்டிருந்த ஒரு நகரத்தில், சில வானியலாளர்கள் கூடி ஒரு கணக்கைப் பற்றிப் பேசினார்கள். தொலைதூர விண்மீன் மண்டலங்களில் உள்ள ஐதரசன் வாயுவைத் தேடிக்கொண்டிருக்கும் இன்றைய வானொலித் தொலைகாட்டிகள் எல்லாம் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. அந்தக் கணக்கைப் போடும்படி ஒரு மாணவனிடம் கேட்டவர் யான் ஹென்ட்ரிக் ஓர்ட்.

நான் ஊடகக் கற்கை படித்தவன். வானியல் என்னுடைய துறை அல்ல. ஓர்ட்டின் வாழ்க்கையை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் நட்சத்திரங்கள் இல்லை. யுத்தத்துக்குள் ஒரு மனிதர் எப்படித் தன்னுடைய வேலையைத் தொடர்ந்தார், யுத்தம் விட்டுப்போன பொருட்களையும் இடங்களையும் அதன் பிறகு என்ன செய்தார்கள் என்ற கேள்விதான் காரணம். அந்தக் கேள்வி நமக்கும் புதியதல்ல.

வைத்தியரின் மகன்

ஓர்ட் 1900 ஏப்ரல் 28 அன்று நெதர்லாந்தின் வடக்கே ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் உள்ள ஃபிரானெக்கர் என்ற சிறிய ஊரில் பிறந்தார். தந்தை வைத்தியர். தாய் ஒரு மதகுருவின் மகள். பிள்ளைக்கு மூன்று வயதாக இருக்கும்போது குடும்பம் லைடன் நகரத்துக்கு அருகில் குடிபெயர்ந்தது. அங்கே தந்தை மனநல சிகிச்சை நிலையம் ஒன்றைப் பொறுப்பேற்றிருந்தார்.

1917இல் ஓர்ட் குரோனிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். அங்கே பேராசிரியராக இருந்தவர் யகோபுஸ் கப்டெய்ன். சொந்தமாக ஒரு பெரிய தொலைகாட்டி இல்லாமலே, வேறு நாடுகளில் எடுத்த புகைப்படத் தகடுகளை அளந்து அளந்து வானத்தின் அமைப்பைக் கணக்கிட்டவர் அவர். வசதி இல்லை என்பது ஆராய்ச்சியை நிறுத்துவதற்கான காரணம் இல்லை என்பதை ஓர்ட் அவரிடமே கற்றிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, 1924இல் லைடன் வானாய்வகத்தில் சேர்ந்தார். 1927இல் அவருடைய பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. நமது பால்வீதி மண்டலம் சுழல்கிறது என்று சுவீடனைச் சேர்ந்த பெர்டில் லிண்ட்பிளாட் ஒரு கோட்பாட்டை முன்வைத்திருந்தார். அது உண்மைதான் என்பதைச் சூரியனுக்கு அயலில் உள்ள விண்மீன்களின் அசைவுகளைக் கொண்டு ஓர்ட் காட்டினார். மையத்துக்குக் கிட்ட இருப்பவை முந்துகின்றன, தள்ளி இருப்பவை பிந்துகின்றன. அந்த வேறுபாட்டை அளக்கும் இரண்டு எண்கள் இன்றும் ஓர்ட் மாறிலிகள் என்றே அழைக்கப்படுகின்றன.

ஆனால், ஒரு சுவர் குறுக்கே நின்றது. பால்வீதியின் தளம் முழுவதும் தூசி. அந்தத் தூசி ஒளியை மறைத்துவிடுகிறது. எவ்வளவு பெரிய தொலைகாட்டியாக இருந்தாலும் பால்வீதியின் மையத்தையோ அதற்கு அப்பால் உள்ள பகுதியையோ கண்ணால் பார்க்க முடியாது. ஹாவார்ட், கொலம்பியா போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அவரைக் கூப்பிட்டன. அவர் போகவில்லை. லைடனிலேயே இருந்தார். 1935இல் பேராசிரியரானார். ஐந்து ஆண்டுகளில் யுத்தம் வந்தது.

மூடப்பட்ட பல்கலைக்கழகம்

ஆக்கிரமிப்பு அரசு முதலில் செய்தவற்றில் ஒன்று, யூத அரச ஊழியர்களைப் பதவியிலிருந்து நீக்கியது. லைடனில் சட்டப் பேராசிரியர் எடுவார்ட் மெய்யர்ஸ் நீக்கப்பட்டார். 1940 நவம்பர் 26 அன்று அவருடைய விரிவுரை நடக்கவிருந்த நேரத்தில், அவருடைய பழைய மாணவரும் சட்ட பீடாதிபதியுமான ருடோல்ப் கிளெவெரிங்கா மண்டபத்துக்கு வந்து, அந்த நீக்கத்தைக் கண்டித்து உரையாற்றினார். மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கிளெவெரிங்கா சிறையில் அடைக்கப்பட்டார். பல்கலைக்கழகம் மூடப்பட்டது. மெய்யர்ஸ் பின்னர் வெஸ்டர்போர்க் முகாமுக்கும் அங்கிருந்து தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கும் அனுப்பப்பட்டார். அவர் உயிர் தப்பினார். யுத்தத்துக்குப் பிறகு நெதர்லாந்தின் புதிய குடியியல் சட்டக் கோவையை எழுதும் பணி அவரிடம்தான் ஒப்படைக்கப்பட்டது. வெஸ்டர்போர்க் என்ற பெயரை நினைவில் வைத்திருங்கள். கட்டுரையின் கடைசியில் அங்கேதான் போகப்போகிறோம்.

1942இல் லைடன் பேராசிரியர்கள் ஏராளமானோர் கூட்டாகப் பதவி விலகினார்கள். ஓர்ட்டும் விலகினார். மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வேலுவெ பகுதியில் ஹுல்ஸ்ஹோர்ஸ்ட் என்ற கிராமத்துக்குப் போய், யுத்தம் முடியும்வரை ஒதுங்கி வாழ்ந்தார். அவர் துவக்கு ஏந்திய போராளி அல்ல. மேடையில் ஏறிப் பேசியவரும் அல்ல. ஆனால், ஆக்கிரமிப்பின் கீழ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் ஒரு சம்மதம்தான் என்ற நிலை வந்தபோது எழுந்துபோனார். அந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு ஆசிரியரும் அதிகாரியும் தனக்குத்தானே முடிவு செய்ய வேண்டியிருந்த காலம் அது.

இந்த இடைவெளியில்தான் ஓர்ட்டின் மனதில் ஒரு கட்டுரை ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் குரோட் ரீபர் என்ற வானொலிப் பொறியியலாளர் 1937இல் தன் வீட்டு வளவில் ஏறத்தாழ 9 மீற்றர் விட்டமுள்ள கிண்ண அன்டெனா ஒன்றைத் தன் கையாலேயே கட்டினார். பால்வீதியிலிருந்து வரும் வானொலி இரைச்சலை அதில் பதிவுசெய்து கட்டுரையாக வெளியிட்டார். அந்தக் கட்டுரை நெதர்லாந்துக்கும் வந்து சேர்ந்திருந்தது. அதை வாசித்தபோது ஓர்ட்டுக்கு இரண்டு விடயங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஒன்று, வானொலி அலைகளைத் தூசி மறைப்பதில்லை. இரண்டாவது, வெறும் இரைச்சல் போதாது. குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தில் மட்டும் ஒலிக்கும் ஒரு குரல் வேண்டும். புகையிரதம் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் கூர்மையாகவும், விலகிப் போகும்போது மந்தமாகவும் கேட்பது போல, அந்தக் குரலின் அலைநீளம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கொண்டு வாயு என்ன வேகத்தில் வருகிறது, போகிறது என்று சொல்லிவிடலாம்.

அந்தக் கேள்வியை அவர் ஹென்ட்ரிக் வான் டெ ஹுல்ஸ்டிடம் கொடுத்தார். வயது 25. உட்ரெக்ட் பல்கலைக்கழக மாணவர். அவருடைய பேராசிரியர் மார்செல் மின்னார்ட்டை ஜேர்மானியர் பணயக் கைதியாகப் பிடித்து வைத்திருந்தார்கள்.

1944 ஏப்ரல் 15. லைடன் வானாய்வகத்தில் ஒரு சிறிய கூட்டம். அங்கே வான் டெ ஹுல்ஸ்ட் தன் கணக்கை முன்வைத்தார். ஐதரசன் அணுவில் இருப்பது ஒரு புரோத்தனும் ஒரு இலத்திரனும். இரண்டும் சின்னஞ்சிறு காந்தங்கள் போல. இரண்டும் ஒரே திசையைப் பார்த்திருந்தால் அணுவில் கொஞ்சம் கூடுதல் சக்தி இருக்கும். இலத்திரன் எதிர்த்திசைக்குப் புரளும்போது அந்தச் சக்தி 21 சென்ரிமீற்றர் நீளமுள்ள வானொலி அலையாக வெளியே வரும். ஒரு தனி அணு தானாக இப்படிப் புரள்வதற்குச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால், பால்வீதியில் ஐதரசனுக்குப் பஞ்சமில்லை. எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் அந்த மெல்லிய குரல் எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதைப் பிடிக்க முடியுமா என்பதில் வான் டெ ஹுல்ஸ்ட் மிகவும் எச்சரிக்கையாகவே பேசினார்.

அந்த ஆண்டின் கடைசியில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் பட்டினிக் குளிர்காலம் தொடங்கியது. உணவும் எரிபொருளும் தடைப்பட்டு ஏறத்தாழ 20,000 பேர் இறந்தார்கள். மக்கள் தூலிப் பூச்செடியின் கிழங்கைத் தோண்டி அவித்துச் சாப்பிட்டார்கள். 21 சென்ரிமீற்றர் அலையைத் தேடும் அன்டெனாவைப் பற்றி யாரும் நினைக்கக்கூடிய காலமாக அது இல்லை.

எதிரி விட்டுப்போன ராடர்

1945இல் ஓர்ட் லைடனுக்குத் திரும்பி வானாய்வகத்தின் பணிப்பாளரானார். நாடு சிதைந்து கிடந்தது. பெரிய அன்டெனா வாங்க எங்கே பணம்? வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது. நேச நாடுகளின் விமானங்களைக் கண்டுபிடிக்க ஜேர்மன் இராணுவம் கடலோரமாக நிறுத்தியிருந்த வூர்ட்ஸ்பூர்க் வகை ராடர்கள், 7.5 மீற்றர் விட்டமுள்ள பெரிய உலோகக் கிண்ணங்கள், யுத்தம் முடிந்ததும் அப்படியே கைவிடப்பட்டிருந்தன. நெதர்லாந்தின் தபால் தந்தித் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த ஒருவர் அவற்றில் சிலவற்றைச் சேகரித்து வைத்திருந்தார். அவற்றில் ஒன்று கோட்வைக் என்ற இடத்தில் ஓர்ட்டின் குழுவுக்குக் கிடைத்தது.

வேலை மெதுவாக நடந்தது. 1950இல் ஒரு தீ விபத்தில் வாங்கி எரிந்து போனது. லெக்ஸ் முல்லர் என்ற இளம் பொறியியலாளர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. இதற்கிடையில் அமெரிக்காவின் ஹாவார்டில் ஹரோல்ட் யூவன், எட்வர்ட் பேர்சல் என்ற இருவர் ஒட்டுப்பலகையில் செய்த ஒரு கொம்பு அன்டெனாவை ஆய்வுகூட யன்னலுக்கு வெளியே நீட்டி வைத்து, 1951 மார்ச் 25 அன்று 21 சென்ரிமீற்றர் அலையைப் பிடித்துவிட்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒல்லாந்துக் குழுவும் இதைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததும், ஹாவார்ட்காரர்கள் தங்கள் கருவி வேலை செய்யும் முறையை அவர்களிடம் சொன்னார்கள். மே 11 அன்று கோட்வைக்கிலும் அந்தக் குரல் கேட்டது. அவுஸ்திரேலியாவிலிருந்தும் உறுதிப்படுத்தித் தகவல் வந்தது. செப்டெம்பரில் நேச்சர் சஞ்சிகையில் முடிவுகள் ஒன்றாகவே வெளியாகின. முந்தியவர் ஒளித்து வைக்கவில்லை. பிந்தியவர் சோர்ந்து போகவில்லை.

அந்த ராடர் கிண்ணத்தைத் திருப்புவதற்கு மோட்டார் கிடையாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாணவர்கள் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றித் திருப்ப வேண்டும், இரவு முழுக்க. சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறைக்கு இந்தக் காட்சியை நான் விளக்கத் தேவையில்லை. அப்படிக் கிடைத்த பதிவுகளைக் கொண்டுதான் பால்வீதியின் சுருள் கைகள் முதன்முதலாக வாயுவின் வரைபடமாக வரையப்பட்டன. வட பாதி வானம் நெதர்லாந்திலிருந்து, தென் பாதி அவுஸ்திரேலியாவிலிருந்து. 1958இல் இரண்டையும் பொருத்தி ஓர்ட், பிராங்க் கெர், கார்ட் வெஸ்டர்ஹவுட் மூவரும் ஒரே வரைபடமாக வெளியிட்டார்கள். விமானங்களை வீழ்த்துவதற்காகச் செய்த கருவி, நாம் இருக்கும் விண்மீன் மண்டலத்தின் வடிவத்தை நமக்குக் காட்டியது.

இந்தக் காலத்திலேயே, 1950இல், ஓர்ட் இன்னொரு முடிவையும் வெளியிட்டார். நீண்ட காலத்துக்கு ஒருமுறை வரும் வால்வெள்ளிகள் சூரிய மண்டலத்தின் மிகத் தொலைவான எல்லையில் உள்ள ஒரு பெரும் தொகுதியிலிருந்து வருகின்றன என்பது அது. பாடப்புத்தகங்களில் அவருடைய பெயர் பெரும்பாலும் இந்த ஓர்ட் முகிலோடுதான் வரும்.

வெஸ்டர்போர்க்

1956இல் ட்விங்கலோ என்ற இடத்தில் 25 மீற்றர் விட்டமுள்ள தொலைகாட்டி திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வான் டெ ஹுல்ஸ்டும் சக ஆய்வாளர்களும் அதைக் கொண்டு நமது அயல் மண்டலமான அந்திரமேடாவின் ஐதரசன் எப்படிச் சுழல்கிறது என்று அளந்தார்கள். ஆனால், அதற்கும் அப்பால் உள்ள மண்டலங்களைத் தெளிவாகப் பார்க்க ஒரு கிண்ணம் போதாது. பல கிண்ணங்களை வரிசையாக நிறுத்தி, அவை கேட்பதை ஒன்றாக இணைத்தால், அந்த வரிசை முழுவதும் ஒரே பெரிய தொலைகாட்டி போல வேலை செய்யும். ஓர்ட் இதற்காகப் பல ஆண்டுகள் அரசாங்கத்தின் கதவைத் தட்டினார். முதலில் பெல்ஜியத்துடன் சேர்ந்து கட்டுவதாக இருந்தது. அந்த நாடு விலகிக்கொண்டது. கடைசியில் நெதர்லாந்து தனியாகவே கட்டியது. 25 மீற்றர் விட்டத்தில் 12 கிண்ணங்கள். பின்னர் அது 14 ஆனது. 1970 யூன் மாதம் ஜூலியானா மகாராணி அதைத் திறந்து வைத்தார். இடம், வெஸ்டர்போர்க்.

அதே இடத்தில் 1939இல் நெதர்லாந்து அரசு ஒரு முகாமை அமைத்திருந்தது. ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த யூத அகதிகளுக்காக. அகதிகளுக்கென்று கட்டிய அந்த முகாமை 1942இல் ஜேர்மானியர் எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து 1944 வரை புகையிரதங்கள் அவுஷ்விட்ஸ், சோபிபோர் போன்ற முகாம்களுக்குப் புறப்பட்டன. பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில். ஏறத்தாழ 107,000 பேர் ஏற்றப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். ஆன் ஃபிராங்கும் அந்த வழியாகத்தான் கொண்டு செல்லப்பட்டாள்.

யுத்தத்துக்குப் பிறகும் அந்த இடம் காலியாக இருக்கவில்லை. முதலில் ஜேர்மானியருடன் ஒத்துழைத்தவர்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள். பிறகு மொலுக்கத் தீவுகளைச் சேர்ந்த குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. இந்தோனேசியாவில் ஒல்லாந்துக் குடியேற்ற இராணுவத்தில் பணியாற்றிய சிப்பாய்களும் அவர்களுடைய மனைவி பிள்ளைகளும் அவர்கள். ஆக்கிரமிப்பிலிருந்து விடுபட்ட அதே நாடுதான் சில மாதங்களுக்குள் இந்தோனேசியாவைத் திரும்பவும் தன் பிடிக்குள் கொண்டுவரத் துருப்புகளை அனுப்பியது. தற்காலிகம் என்று சொல்லித் தங்க வைக்கப்பட்ட அந்தக் குடும்பங்கள் இருபது ஆண்டுகள் அதே கொட்டில்களில் இருந்தன. முகாம் என்றால் என்ன, தற்காலிகம் என்றால் எவ்வளவு காலம் என்பதை நம் வாசகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொலைகாட்டி எழுந்த காலத்தில் அந்தக் கொட்டில்கள் இடிக்கப்பட்டன. அவை நிற்க வேண்டும் என்று அப்போது கேட்டவர்கள் அதிகம் இல்லை. 1970 மே 4 அன்று, தொலைகாட்டி திறக்கப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன், அதே மகாராணி அங்கே ஒரு நினைவுச்சின்னத்தைத் திறந்து வைத்தார். வானத்தைப் பார்த்து வளைந்து முறிந்து நிற்கும் தண்டவாளங்கள். அதை வடிவமைத்தவர் அந்த முகாமில் அடைக்கப்பட்டிருந்த ரால்ஃப் பிரின்ஸ்.

இன்று அந்த இடத்துக்கு வாகனத்தில் போக முடியாது. இயந்திரங்களின் மின்பொறி தொலைகாட்டியின் கேட்கும் திறனைக் குழப்பும் என்பதால் வாகனங்களைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு பஸ் உண்டு. கைத்தொலைபேசியையும் நிறுத்த வேண்டும். விஞ்ஞானத்துக்காகக் கேட்ட அமைதி, நினைவுகூர வருபவர்களுக்கும் அமைதியாக இருக்கிறது.

கூட்டினால் கேட்கும் குரல்

வெஸ்டர்போர்க் தொலைகாட்டி ஓர்ட் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே தந்தது. 1978இல் குரோனிங்கனில் அல்பெர்ட் போஸ்மா தன் கலாநிதிப் பட்ட ஆய்வில், அந்தத் தொலைகாட்டியால் பல சுருள் மண்டலங்களின் ஐதரசனை அளந்தார். விண்மீன்கள் முடிந்து இருட்டாகத் தெரியும் இடத்துக்கு அப்பாலும் வாயு பரந்திருந்தது. அது சுழலும் வேகமும் குறையவில்லை. கண்ணுக்குத் தெரியாத பொருள் நிறைய இருந்தால்தான் அது சாத்தியம். கரும்பொருள் உண்டு என்பதற்கான வலுவான சான்றுகளில் அதுவும் ஒன்றானது.

மிகத் தொலைவான மண்டலங்களின் குரல் இன்னும் மெல்லியது. பிரபஞ்சம் விரிவதால் 21 சென்ரிமீற்றராகப் புறப்பட்ட அலை 42 சென்ரிமீற்றராக நீண்டு வந்து சேரும். தனித்தனியாகக் கேட்டால் இரைச்சலுக்குள் அது காணாமல் போய்விடும். இந்தியாவின் பூனே நகரத்துக்கு அருகில் 30 கிண்ணங்களைக் கொண்ட மீற்றர் அலைத் தொலைகாட்டி இருக்கிறது. அதைக் கொண்டு ஆய்வாளர்கள் 7,653 மண்டலங்களின் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டினார்கள். அப்போது குரல் கேட்டது. 2020இல் வெளியான அந்த முடிவு, ஏறத்தாழ 800 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த மண்டலங்களில் நிறைய வாயு இருந்தது, ஆனால் விண்மீன்கள் பிறந்த வேகத்துக்கு அது ஓரிரு நூறு கோடி ஆண்டுகளுக்குள் தீர்ந்துவிடும் அளவே என்று காட்டியது. புது வாயு வந்து சேராததால்தான் அதன்பின் விண்மீன் பிறப்பு குறைந்தது என்பதற்கு அது ஒரு விளக்கம்.

ஓர்ட் 1970இல் ஓய்வு பெற்றார். ஆனாலும் வேலையை விடவில்லை. எண்பது வயதைத் தாண்டியும் கட்டுரைகள் எழுதினார். 1987இல் கியோட்டோ பரிசு கிடைத்தது. 1992 நவம்பர் 5 அன்று, 92 வயதில் இறந்தார். அதே 1992இல் வெஸ்டர்போர்க்கில் முகாம்வாசிகளை வரிசையில் நிறுத்தி எண்ணிய மைதானத்தில் 102,000 கற்கள் நடப்பட்டன. திரும்பி வராத ஒவ்வொருவருக்கும் ஒரு கல். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே அத்தனை பேரின் பெயர்களும் இரவு பகலாகப் பல நாட்கள் வாசிக்கப்படுகின்றன.

விண்மீன் மண்டலங்களை அடுக்கிக் கூட்டலாம். அவற்றுக்குப் பெயர் தேவையில்லை, மொத்தம் போதும். மனிதர்கள் விடயத்தில் மொத்தம் போதாது. எண்ணிக்கையைச் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு அந்த 102,000 பெயர்களை வாசிக்கும் குரல்கள்தான் பதில். ஒரு பக்கம் கிண்ணங்கள் மண்டலங்களை எண்ணாகக் கேட்டன. சில நூறு மீற்றருக்குள் மனிதர்களைப் பெயராகக் கேட்கிறார்கள். நெதர்லாந்துக்கு அந்த இடத்தை அடைய ஐம்பது ஆண்டுகள் எடுத்தது. அதற்கு முன் அது கொட்டில்களை இடித்தும் இருந்தது.

நம் பிள்ளைகள் விஞ்ஞானப் புத்தகத்தில் ஐதரசன் அணுவைப் படிக்கிறார்கள். ஒரு புரோத்தன், ஒரு இலத்திரன் என்று மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பாடத்தோடு சேர்த்து, அந்த அணுவின் குரல் மூடப்பட்ட பல்கலைக்கழகம் ஒன்றின் ஊரில் கணிக்கப்பட்டது என்பதையும், கைவிடப்பட்ட ராடரில் அது கேட்கப்பட்டது என்பதையும், பின்னர் ஒரு பழைய முகாமின் ஓரத்தில் அதைக் கேட்டார்கள் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.